வாசல் தெரியவில்லை, வெளிச்சம் தெரிகிறது
(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்ற சில வாரங்களாக இத்தொடரில் பயண இலக்கியங்கள் பற்றிப் பேசப்பட்டு வருகிறது. ஆற்றுப்படை பற்றிக் கேட்டீர்கள். தலயாத்திரை நூல்கள் பற்றியும் கேட்டீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு மனிதன் கடவுளிடம் வழி கேட்டுக் கேட்டு நடக்கிற கதை. ஆங்கிலத்தில் ஜோன் பன்யன் எழுதியது. தமிழிலே 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. பன்யன் என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பில் பிள்ளைகள் உள்ளே போடும் பெனியனை நினைத்துச் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

முதலில் ஆளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பன்யன் 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்போர்ட் நகருக்கு அருகில் எல்ஸ்ரோ என்ற கிராமத்திலே பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைப்பது தொழில். தகப்பனுக்கும் அதே தொழில். பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். அரச திருச்சபையின் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660 நவம்பரில் அவரைப் பிடித்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு வருடங்கள் சிறையிலே கழிந்தன. வீட்டிலே நான்கு பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் பார்வை இல்லை. கைது நடந்தபோது இரண்டாம் மனைவி எலிசபெத் கர்ப்பவதி. அந்த அதிர்ச்சியில் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பெண்தான் 1661இல் நீதிபதிகளின் முன்னால் போய் நின்று கணவனுக்காக வாதாடினாள். 'உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா' என்று கேட்டபோது, பேச்சு இருக்கும்வரை விடத் துணிய மாட்டார் என்று பதில் சொன்னாள். சிறைக்குள்ளே பன்யன் சப்பாத்து நாடாக்களுக்கு நுனி கட்டி விற்று வீட்டுக்குக் காசு அனுப்பினார். 'மோட்சப் பிரயாண'த்தின் முதற் பகுதி 1678இலும், இரண்டாம் பகுதி 1684இலும் வெளிவந்தன.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடைகளைப் பற்றி மெத்தையில் சாய்ந்திருந்து எழுதிய புத்தகங்கள் பல உண்டு. இது அவ்வாறான புத்தகம் அல்ல.

இனிக் கதைக்கு வருவோம். ஒரு மனிதன் முதுகிலே பெரிய சுமையோடும் கையிலே ஒரு புத்தகத்தோடும் நிற்கிறான். தான் வாழும் நகரம் அழியப்போகிறது என்று புத்தகத்தில் படித்துவிட்டான். எங்கே ஓடுவதென்று தெரியவில்லை. சுவிசேஷகர் ஒருவர் வருகிறார். தூரத்திலே ஓர் இடுக்கமான வாசல் தெரிகிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறான். சரி, ஒரு வெளிச்சமாவது தெரிகிறதா என்கிறார். தெரிவது போல இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அந்த வெளிச்சத்தைக் கண்ணிலே வைத்துக்கொண்டு நட, வாசல் வரும் என்கிறார் அவர்.

நேயர்களே, எனக்கு இந்தப் புத்தகம் முழுவதும் இந்த இடத்திலே அடங்கியிருப்பதாகத் தோன்றும். வாசலைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லவில்லை. 'தெரிகிறது' என்று அவன் உறுதியாகச் சொல்லும்வரை காத்திருக்கவும் இல்லை. தெரிவது போல இருக்கிறது என்ற அந்த அரைகுறைப் பதிலே புறப்படுவதற்குப் போதும் என்று விட்டுவிடுகிறார்.

நாங்கள் கேட்பது வேறு. எங்களுக்கு வாசலே தெரிய வேண்டும். முடிந்தால் வாசலுக்கு அப்பால் உள்ளதும் தெரிய வேண்டும். அடையாளம் கேட்கிறோம். கிதியோன் ஆட்டுமயிரை விரித்து வைத்துப் பனி பெய்கிறதா என்று பார்த்த கதையை வேதாகமத்தில் படித்திருக்கிறோமல்லவா? வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனமே கடவுளின் பதில் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீடுகளிலே இன்றும் உண்டு. பன்யனும் இந்த ஆசைக்கு ஆளானவர்தான். தம்முடைய வாலிபத்தைப் பற்றி 1666இல் எழுதிய நூலிலே ஒரு சம்பவம் சொல்கிறார். எல்ஸ்ரோவிலிருந்து பெட்போர்ட்டுக்குப் போகும் வழியிலே, தமக்கு விசுவாசம் உண்டா இல்லையா என்று சோதித்துப் பார்க்க, தெருவிலே குதிரைக் குளம்படியில் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்து 'வற்றிப் போ' என்று கட்டளையிட நினைத்தாராம். வாயைத் திறக்கப் போன சமயம், முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஜெபித்துவிட்டு வந்து சொல்லலாமே என்று ஓர் எண்ணம். அடுத்த எண்ணம்: ஜெபித்துவிட்டு வந்து சொல்லியும் தண்ணீர் வற்றாவிட்டால்? அதற்குப் பின் தமக்குக் கதியே இல்லை என்றாகிவிடுமே. ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்று பேசாமல் நடந்து போய்விட்டார். இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பிற்காலத்தில் பெரிய போதகராகப் போற்றப்பட்டவர், தெருவோரக் குட்டையைப் பார்த்துப் பயந்த கதையை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மனிதன் எழுதிய யாத்திரையிலே தடைகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். முதலாவது தடை ஒரு சேறு. நம்பிக்கை இழந்தவர்கள் அமிழ்ந்துபோகும் சதுப்பு. வாசலுக்குப் போகும் வழியிலேயே அது இருக்கிறது. வழி தவறியதால் வந்ததல்ல. சேற்றின் நடுவே நல்ல உறுதியான படிக்கற்கள் உண்டு. யாத்திரிகன் பயத்திலே ஓடி வந்ததால் அவற்றைக் காணவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிடுபவன், ஏன் படிகளைப் பார்க்கவில்லை என்று கேட்கிறான். இந்தச் சேற்றை நிரப்ப அரசனுடைய வேலையாட்கள் ஆயிரத்து அறுநூறு வருடங்களாக வண்டி வண்டியாகக் கொட்டி வருகிறார்கள், சேறு அப்படியேதான் இருக்கிறது என்று ஒரு குறிப்பு வேறு. வண்டிகளின் தொகையையும் சொல்கிறார்: குறைந்தது 20,000. கொட்டியது எல்லாம் நல்ல புத்திமதிகள்! பிரசங்கம் செய்தே சிறைக்குப் போன மனிதன், புத்திமதியால் சேறு நிரம்பாது என்று எழுதுகிறார். எங்கள் போதகர்மார் இந்தப் பக்கத்தைச் சற்று நின்று படிக்கலாம்.

கஷ்டமலையின் உச்சியிலே சிங்கங்கள் இரண்டு. இருட்டிவிட்ட நேரம். முன்னே போன இருவர் பயந்து திரும்பி ஓடி வருகிறார்கள். மாளிகைக் காவற்காரன், சிங்கங்கள் கட்டப்பட்டிருக்கின்றன, பாதையின் நடுவாலே வா என்று சத்தமிடுகிறான். சங்கிலி யாத்திரிகனின் கண்ணுக்குத் தெரியவில்லை. உறுமல் காதிலே விழுகிறது. தெரியாத சங்கிலியை நம்பி அவன் நடுங்கிக்கொண்டேதான் போகிறான். நடுக்கம் நின்றது என்று பன்யன் எழுதவில்லை.

பின்னர் மரணநிழலின் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கிடங்கு, மறுபக்கம் புதைகுழி. இருட்டிலே அவனுக்குப் பின்னாலிருந்து யாரோ தேவதூஷணமான வார்த்தைகளைக் காதுக்குள் ஓதுகிறார்கள். அவை தன்னுடைய மனத்திலிருந்தே வருகின்றன என்று அவன் நினைத்துத் துடிக்கிறான். மனநோய் பற்றி இன்று எவ்வளவோ படித்திருக்கிறோம். ஆனால் தன் எண்ணத்தையே அஞ்சுகிறவனின் அவஸ்தையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. அங்கே அவனுக்கு வந்த ஆறுதல் என்ன தெரியுமா? முன்னால் எங்கோ ஒருவன் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு போகும் குரல். யாரென்று தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கிலே எனக்கு முன்னால் ஒருவன் போகிறான் என்பதே போதுமாக இருந்தது. முன்னே போனவனுக்குத் தன் குரல் பின்னால் ஒருவனுக்கு வழி காட்டியது தெரியவே தெரியாது.

இந்த நூலைத் தமிழ்க் காப்பியமாக ஆக்கியவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே தகப்பனாரிடம் கேட்டு வளர்ந்தவர். சாயர்புரத்து மிஷன் பாடசாலையில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வது வழக்கம். என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்யனின் சேறும் கல்லும் முள்ளும் காப்பிய நடையிலே ஓரளவு கழுவப்பட்டுவிட்டன. பாத்திரம் அடைப்பவனின் பேச்சு, பண்டிதரின் விருத்தமாக மாறிவிட்டது. ஆனால் வேறொன்று கூடி வந்தது. இடையிடையே தேவாரப் பதிகங்களை வைத்தார் கிருஷ்ணபிள்ளை. வழி கேட்பது என்பது அங்கே இறைவன் முன்னால் நின்று உருகிப் பாடுவதாக ஆகிறது. சம்பந்தரையும் ஆழ்வார்களையும் கேட்டுப் பழகிய காதுக்கு, அழுது கேட்கிற இந்த முறை புதிதல்ல. பன்யனுடைய யாத்திரிகன் கேட்டுவிட்டு நடக்கிறான். கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகன் நின்று பாடிவிட்டு நடக்கிறான்.

இனி ஒரு சொந்த விஷயம். வானொலியில் சொந்தக் கதை சொல்வது அழகல்ல என்று தயாரிப்பாளர் நினைக்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் இந்த நூலைப் பற்றி என்னால் பேச முடியாது.

எங்கள் அம்மம்மாவுக்கு 'மோட்சப் பிரயாணம்' ஏறக்குறைய மனப்பாடம். முன்னட்டை போன பழைய பிரதி ஒன்று வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த நடையிலே நாங்களும் இருந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிக்கு மேல் அடி வைத்து நகர்கிறது சனம். சைக்கிளின் பின்னால் அம்மம்மா. நான் தள்ளிக்கொண்டு போகிறேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் கோபம் என்றும் தெரியாது. அம்மம்மா கேட்டார்:

"பாலம் தெரியுதோடா?"

"இல்லை."

"முன்னுக்குப் போறவற்ற லாந்தர் தெரியுதோ?"

"ஓம், தெரியிற மாதிரிக் கிடக்கு."

"அப்ப அதைப் பாத்து நட."

அவர் வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. சிரிக்க மனம் வரவில்லை.

சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே தங்கினோம். அடுத்தது என்ன? கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போவதா, அங்கேயே இருப்பதா? அப்பா வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்தார். விரல் பட்ட இடம் நாளாகம புத்தகத்தின் வம்ச வரலாறு: இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று பெயர்கள் மட்டும். அம்மம்மாவே சிரித்துவிட்டார். மாமாவின் குடும்பமும் எங்களோடு இருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே பாயிலே முழங்காலிட்டு, ஒரே ஜெபத்தைத்தான் செய்தது. மாமா கடலைக் கடந்தார். அம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததால் நாங்கள் தங்கிவிட்டோம். 1996 ஏப்ரலின் பின் எங்கள் வீட்டுக்கே திரும்பினோம். கூரை இருந்தது, ஓடுகள் இல்லை. அம்மம்மா அந்த வருடம் மார்கழியில் அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். மாமா வீட்டார் வன்னியிலே பதின்மூன்று வருடம் இருந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து மாமியும் ஒரு மகனும் வந்தார்கள். மாமாவும் மற்ற மகனும் வரவில்லை.

ஆலயத்திலே சிலர் சாட்சி சொல்வார்கள்: கர்த்தர் எங்களுக்கு வழிகாட்டினார், தங்கச் சொன்னார், தப்பினோம் என்று. என்னையும் அப்படிச் சாட்சி சொல்லும்படி ஒருமுறை கேட்டார்கள். மாமி மூன்றாவது வாங்கிலே இருந்தார். நான் எழும்பவில்லை. எங்களுக்கு வந்தது வழிகாட்டல் என்றால் மாமாவுக்கு வந்தது என்ன? அவர் கேட்டதும் அதே பாயிலே, அதே கேள்விதானே?

இந்தக் கேள்வியோடு நான் மறுபடியும் பன்யனிடம் போனேன். மாயாபுரிச் சந்தை என்று ஓர் இடம் வருகிறது. கிறிஸ்தியானும் அவன் தோழன் உண்மையுள்ளவனும் சேர்ந்தே அதற்குள் போகிறார்கள். மரணநிழலின் பள்ளத்தாக்கிலே முன்னால் சங்கீதம் சொல்லிக்கொண்டு போனவன் இந்தத் தோழனாக இருக்கலாம். இருவரும் ஒரே பாதையில் வந்தவர்கள். ஒரே வார்த்தையைப் பேசினார்கள், ஒரே கூட்டிலே அடைக்கப்பட்டார்கள். வழக்கு நடக்கிறது. தோழனை அடித்து, கல்லெறிந்து, கடைசியில் கம்பத்திலே கட்டி எரித்துவிடுகிறார்கள். கிறிஸ்தியான் தப்பிவிடுகிறான். ஏன் இவன் தப்பினான், அவன் ஏன் சாகவேண்டி வந்தது? பன்யன் விளக்கம் சொல்வதில்லை. தோழன் எங்கோ ஒரு திருப்பத்திலே வழி தவறினான் என்று மறைமுகமாகக்கூடச் சொல்வதில்லை. அவனுக்காக ஓர் இரதம் காத்திருந்தது, அவன் முந்திப் போய்ச் சேர்ந்தான் என்று மட்டும் எழுதுகிறார். தப்பியவன் அதன்பின் நடந்த பாதையைப் பார்த்தால், தப்பியதை ஒரு வெகுமதியாகவும் சொல்ல முடியாது. சிறிது தூரம் போனதும் இலகுவான புல்வெளிப் பாதை ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, வேலியைக் கடந்து, அவநம்பிக்கை என்ற இராட்சதனிடம் அகப்படுகிறான். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை சோறு தண்ணீர் இல்லாமல் இருட்டறையிலே கிடக்கிறான். சாகலாமா என்றுகூட யோசிக்கிறான். மடியிலே வாக்குத்தத்தம் என்ற திறப்பு இருந்தது ஞாயிறு விடிவதற்குச் சற்று முன்னர்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் திறப்பும் கடைசி இரும்புக் கதவிலே இலேசில் சுழலவில்லை, மிகவும் இறுகிப்போய் இருந்தது என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா?

இதை மாமிக்கு ஒருநாள் வாசித்துக் காட்டினேன். சந்தைப் பகுதி முடிந்ததும், 'இன்னொருக்கா வாசி' என்றார். வாசித்தேன். 'அவர் தேவதூதர் மாதிரி ஒருத்தருமில்லை, கோபக்காரன். ஆனா வழி விட்டுப் போகேல்லை' என்று மாமாவைப் பற்றிச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் வைக்க எழுந்து போய்விட்டார்.

எங்கள் வீட்டிலிருந்த பிரதியிலே முதற் பகுதி மட்டுமே இருந்தது. இரண்டாம் பகுதியை நான் படித்தபோது அம்மம்மா உயிரோடு இல்லை. அதில் கிறிஸ்தியானின் மனைவி பிள்ளைகளோடு அதே வழியால் வருகிறாள். இம்முறை தனி நடை அல்ல. கூட்டமாக, துணைக்கு ஒரு வழிகாட்டியோடு, சிறு பிள்ளைகளின் கால் தாங்கும் வேகத்திலே நடக்கிறார்கள். ஊன்றுகோல் பிடித்தவரும் வருகிறார். அந்த வழிகாட்டி, தான் முன்பு கூட்டிப்போன ஒரு கிழவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் பெயரே பயந்தவர். சேற்றுக் கரையிலே ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகொண்டு கிடந்தவர். இடுக்கமான வாசலுக்கு வந்தும் தட்டப் பயந்து மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு நின்றவர். சிங்கங்களுக்கு அவர் பயப்படவில்லை. அவருடைய பயமெல்லாம் தன்னைக் கடைசியில் ஏற்றுக்கொள்வார்களோ என்பதுதான். பாலம் இல்லாத அந்தக் கடைசி ஆற்றங்கரைக்கு வந்தபோது, இதிலே நான் அமிழ்ந்தே போவேன் என்று நடுங்கினார்.

எங்கள் அம்மம்மாவும் பயந்த மனுஷி. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கடைசிக் காலத்திலே அந்த ஆற்றுக்கு மிகவும் பயம். கட்டிலில் கிடந்து, கிறிஸ்தியானே அமிழ்ந்து போகப் பார்த்தானே, நான் எம்மாத்திரம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பலமுறை கேட்டார். எனக்கு அப்போது சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பயந்தவர் ஆற்றில் இறங்கிய அன்று, அந்த வழிகாட்டி தன் வாழ்நாளிலே கண்டிராத அளவுக்குத் தண்ணீர் வற்றிக் கிடந்ததாம். பாதம் நனைந்ததற்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நனைந்ததாம். அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நேயர்களே, நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் வேறோர் அன்பர் வேறொரு நூலுடன் உங்களைச் சந்திப்பார்.